சம்மர் கேம்ப்புக்கு இஞ்ச் டேப் எதற்கு?

"சிறப்புக் குழந்தைகளும் வரலாம்" என்று சம்மர் கேம்ப் நோட்டீஸில் போட்டிருந்தால், போன் செய்து நான் முதலில் கேட்பது பாத்ரூம் கதவு எத்தனை இஞ்ச் அகலம் என்பதைத்தான். எதிர்முனையில் இருப்பவர் கொஞ்சம் திணறுவார். ஓவியம், களிமண், யோகா, கதை சொல்லல் என்று பட்டியல் வாசிக்கத் தயாராக இருப்பவரிடம் கதவைப் பற்றிக் கேட்டால் அப்படித்தான். "ஒரு நிமிஷம் சார், அளந்து சொல்றேன்" என்பவர் நடத்தும் முகாமுக்கு என் மகளை நம்பி அனுப்பலாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்பவர் பார்த்துக்கொள்ள மாட்டார்.

மகளுக்கு 14 வயது. மூளை முடக்குவாதம், எங்கள் வட்டத்தில் சுருக்கமாக சி.பி. என்போம். சக்கர நாற்காலியில்தான் எல்லாம். பேசுவாள், ஆனால் பழகாதவர்களுக்கு அது பிடிபடச் சற்று நேரமாகும். சில வருடங்களாக மே மாதத்தில் முகாமுக்குப் போகிறாள். நானும் போகிறேன். அங்கே எனக்கு ஒதுக்கியிருக்கும் இலாகா தண்ணீர், கழிவறை, மூட்டை தூக்குவது. பிள்ளைகள் பக்கம் நான் அதிகம் போவதில்லை. போனாலும் துரத்திவிடுகிறார்கள்.

முகாம் எதற்கு என்பதில் பெற்றோருக்குத் தெளிவு வேண்டும். எங்கள் பிள்ளைகளை வருடம் முழுக்க யாராவது ஏதாவது செய்யச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். காலையில் பிசியோ, அப்புறம் பள்ளி, சாயங்காலம் ஸ்பீச் தெரபி. முழங்காலை நீட்டு, எச்சிலை விழுங்கு, இன்னொரு தரம் சொல்லு. மற்றப் பிள்ளைகளுக்கு லீவு என்றால் பாட்டி வீடு, மாங்காய், வெயிலில் அலைந்து கறுத்துப் போவது. எங்கள் வீடுகளில் லீவு வந்தால் "இந்த ரெண்டு மாசம் தெரபியைக் கூட்டிடலாமா?" என்று பேச்சு வரும். அதனால், பத்து நாளில் கையெழுத்து திருந்தும், கவனம் கூடும் என்று வாக்குக் கொடுக்கிற முகாமைக் கண்டால் நான் ஒதுங்கிவிடுவேன். அது இன்னொரு தெரபி வகுப்புதான், கூடவே ஒரு டி-ஷர்ட் கொடுப்பார்கள்.

சும்மா விளையாடுவதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு, மாற்றுத்திறன் குழந்தைகளும் மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் பங்கேற்க வழி செய்ய வேண்டும் என்கிறது. நம்முடைய 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 29, 30 ஆகிய பிரிவுகள் பண்பாடு, பொழுதுபோக்கு, விளையாட்டு பற்றியவை. உறவுக்காரர்கள் "கேம்ப் போய் என்ன முன்னேற்றம்?" என்று கேட்கும்போது இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பெரிய பயன் இல்லை. அமெரிக்காவில் ஒரு கதை உண்டு, அது கொஞ்சம் எடுபடும். நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் 1951-இல் ஜெனெட் என்றொரு முகாம் தொடங்கியது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கானது. அங்கே அவர்கள் பந்து விளையாடினார்கள், பாடினார்கள், காதலித்தார்கள், ராத்திரியெல்லாம் அரட்டை அடித்தார்கள். 1977-இல் சான் பிரான்சிஸ்கோவில் அரசுக் கட்டடம் ஒன்றுக்குள் மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்து, தங்கள் உரிமைச் சட்ட விதிகளில் அரசின் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் எழுந்தது மாற்றுத்திறனாளிகள் கூட்டம் ஒன்று. அதை முன்னின்று நடத்திய ஜூடி ஹியூமன் அந்த முகாமில் வளர்ந்தவர். அவருக்கு அங்கே யாரும் தலைமைப் பண்பு வகுப்பு எடுக்கவில்லை.

எங்கள் முகாம் அவ்வளவு பெரிய கதை இல்லை. ஒரு சிறப்புப் பள்ளியும் பெற்றோர் சிலரும் சேர்ந்து நடத்துவது. மூன்று நாள், ஏலகிரியில். ஊட்டி, கொடைக்கானல் என்றால் மே மாதக் கூட்டமும் வாடகையும் கட்டுப்படியாகாது. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம்தான், குளிர் என்று சொல்ல முடியாது; சென்னை வெயிலில் வெந்தவர்களுக்கு அதுவே போதும். ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து வேன். துணையில்லாமல் போக முடியாத பிள்ளைகளுக்கும் கூட வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் 75 சதவீதச் சலுகை உண்டு. அதற்கான மருத்துவச் சான்றிதழையும் ரயில்வே அட்டையையும் முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் நடக்காது.

ரயில் நிற்கிற சில நிமிடங்களில் இத்தனை சக்கர நாற்காலிகளையும் இறக்குவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பேர் என்று ரயில் ஏறும் முன்பே முடிவாகிவிடும். ஒருவர் காலி நாற்காலியோடு முதலில் இறங்கி, விரித்து, பிரேக் போட்டு நிற்பார். அடுத்தவர் பிள்ளையைத் தூக்கி வந்து நேராக அதில் உட்கார வைப்பார். பைகள் கடைசியில். பையை முதலில் இறக்கினால் வாசலிலேயே அடைத்துக்கொள்ளும், அப்புறம் கத்தல்தான்.

மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: பாரதியார், திருவள்ளுவர், பாரி, ஓரி என்று புலவர்களும் வள்ளல்களுமாக. பையன்கள் பலகையைப் படித்துக் கத்திக்கொண்டே வருவார்கள். எந்த வளைவில் யார் வாந்தி எடுத்தார்கள் என்பதற்கு அவர்களிடம் கணக்கு உண்டு. "நான் பாரி வரைக்கும் தாங்கினேன்" என்பது அங்கே பெருமை. வாந்தி மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் சில மாத்திரைகள் ஆளை மயங்கித் தூங்க வைத்துவிடும். கழுத்து நிற்காத பிள்ளைகளை வேனின் முன்பகுதியில், தலைக்கு இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்து, இடுப்பிலும் மார்பிலும் பெல்ட் போட்டு உட்கார வைப்போம்.

இனி என் இலாகா. இடம் பார்க்கப் போகும்போதே இஞ்ச் டேப் பையில் இருக்கும். மகளின் நாற்காலி, கையால் தள்ளும் வளையத்தோடு சேர்த்து 25 இஞ்ச். நம் ஊர் விடுதிகளில் ரூம் கதவு தாராளமாக இருக்கும், பாத்ரூம் கதவு மட்டும் 24 இஞ்சில் நிற்கும். போதாததற்குத் தண்ணீர் வெளியே வராமல் இருக்க வாசலில் ஒரு திண்டு கட்டியிருப்பார்கள். போட்டோ அனுப்பச் சொன்னால் கட்டிலையும் ஜன்னலையும் எடுத்து அனுப்புகிறார்கள். நேரில் போவதுதான் வழி.

எல்லாம் பொருந்துகிற இடம் கிடைக்கவே கிடைக்காது. அதனால் கையோடு கொண்டுபோகிறோம்: உட்காரும் இடத்தில் ஓட்டை போட்ட, கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலிகள், கீழே வைக்க வாளிகள், வழுக்காத பாய், மறைப்புக்குப் பழைய புடவை, நைலான் கயிறு. கடையில் கமோடு நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வேனில் நான்கு ஏற்றினால் இடம் போச்சு. பிளாஸ்டிக் நாற்காலி என்றால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். ஓட்டையின் விளிம்பைத் தேய்த்து, துணி சுற்றி டேப் ஒட்ட மறக்காதீர்கள். உணர்ச்சி இல்லாத தொடையில் கீறல் விழுந்தால் பிள்ளைக்கே தெரியாது.

பாத்ரூம் சரியில்லை என்றால் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். பெண் பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள். காலையில் குடித்த அரை டம்ளரோடு மதியம் வரை "தாகமே இல்ல அங்கிள்" என்று சமாளிப்பார்கள். மே மாதத்தில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. எங்கள் முகாமில் ஒவ்வொரு பாட்டிலிலும் பிள்ளையின் பெயர் எழுதி, மார்க்கரால் மூன்று கோடு போட்டிருப்போம். பதினோரு மணிக்குள் முதல் கோடு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் திட்டுவது கிடையாது. அக்கா ஒருத்தி தனியாகப் போய், "யார் கூட வந்தா உனக்கு ஓகே?" என்று கேட்பாள். பெரும்பாலும் விஷயம் அதுதான், கூட வருகிறவள் புது ஆள். ஆளை மாற்றிய அரை மணி நேரத்தில் பாட்டில் காலியாகும்.

பாத்ரூமுக்கு இரண்டு பேராகத்தான் போக வேண்டும், பெண் பிள்ளைக்கு இருவரும் பெண்கள். தூக்கும்போது முதுகு பிடிக்காமல் இருக்கவும் அது தேவை, பிள்ளையின் பாதுகாப்புக்கும் தேவை. ராத்திரி அறையில் யார் படுக்கிறார்கள், ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும் நேரம் உண்டா, தன்னார்வலர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று நடத்துபவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற இடம் வேண்டாம். வயதுக்கு வந்த பெண் என்றால், தேதி தள்ளியிருந்தாலும் நாப்கினும் மாற்று உடையும் பையில் இருக்கட்டும். பயணத்தில் தேதி தவறுவது சகஜம்.

அடுத்தது படிவம். நான்கு பக்கம். நிரப்பச் சலித்துக்கொள்ளாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. ஆனால் நோயின் பெயரை மட்டும் எழுதினால் கல்லூரியிலிருந்து வரும் தன்னார்வலருக்கு எதுவும் விளங்காது. ஒரு வருடம் யாருக்கோ பிறந்தநாள் என்று ஒரு பையன் ஆசையாகப் பலூன் பாக்கெட்டோடு வந்தான். படிவங்களைப் படித்திருந்த நர்ஸம்மா அதை அப்படியே வாங்கித் தன் பைக்குள் போட்டுவிட்டார். ஸ்பைனா பிஃபிடா என்கிற முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த பிள்ளைகளில் பலருக்கு லேடெக்ஸ் ரப்பர் ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதிலிருந்து ஆபரேஷன், சிறுநீருக்குப் போடும் கத்தீட்டர் குழாய் என்று உடம்பில் பட்டுப் பட்டு வருகிற ஒவ்வாமை அது. பலூனுக்குப் பதில் அன்று காகிதத் தோரணம் கட்டினோம்.

இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையில் பிடிமானம் தளர்ந்திருக்கும். டாக்டர் சரி என்று சொல்லாமல் குட்டிக்கரணமும், தலைகுப்புறத் தண்ணீரில் குதிப்பதும் கூடாது. தசைச் சிதைவு உள்ள பையனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் தோள் நழுவிவிடும். வலிப்புக்கு டோபிரமேட், சோனிசமைடு சாப்பிடும் பிள்ளைகளில் சிலருக்கு வியர்வை குறையும், வெயிலில் உடம்பு கொதிக்கும், பார்க்க வியர்க்காமல் "நல்லா" இருப்பார்கள். அவர்கள் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி வைத்து, பதினோரு மணிக்கு மேல் நிழலை விட்டு நகர விடுவதில்லை. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினால் டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கும் மிடசோலம் மூக்கு ஸ்பிரே, உடனே ஆஸ்பத்திரி. அந்த ஸ்பிரே கூட இருப்பவரின் இடுப்புப் பையில் இருக்க வேண்டும். ரூமில் பூட்டிய சூட்கேஸுக்குள் இருந்தால் இல்லாத மாதிரிதான்.

படிவத்தில் எனக்குப் பிடித்தது கடைசிப் பக்கம். எதைக் கண்டால் பயம்? கோபம் வந்தால் என்ன செய்வாள்? "ஆமாம்" என்பதை எப்படிச் சொல்வாள்? என் மகள் களைத்துப்போனால் பேச மாட்டாள், "ஆமாம்" என்றால் கண்ணை மேலே தூக்குவாள். தெரியாதவர்கள் அதை அலட்சியம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு வரி எழுதிவைத்தால் தீர்ந்தது.

பேச்சே வராத பிள்ளைகள் சிலர், படத்தைத் தொட்டால் அதற்கான சொல்லைப் பேசும், சென்னையில் உருவான ஆவாஸ் செயலியை டேப்லெட்டில் வைத்துப் பேசுகிறார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் டேப்லெட் ஆகாது என்பதால், படங்களை அச்சடித்து லேமினேட் செய்து கழுத்தில் மாட்டிவிடுவோம். முதலில் அந்த அட்டையில் இருந்தவை பசி, தாகம், பாத்ரூம், வலி. எல்லாம் ஆஸ்பத்திரிச் சொற்கள். பிள்ளைகளிடமே கேட்டபோது அவர்கள் சேர்க்கச் சொன்னவை: "மறுபடியும்", "போர் அடிக்குது", "என்னைப் பத்தியா பேசறீங்க?", அப்புறம் "போடா". முதல் நாள் ராத்திரிக்குள் "போடா" அட்டையின் லேமினேட் ஓரம் பிரிந்துவிட்டது.

ஒரே வகைக் குறைபாடு உள்ளவர்களாகச் சேர்த்தால் நடத்துவது சுலபம். எனக்குக் கலந்து இருப்பதுதான் பிடிக்கும், ஆனால் அதற்கு வேலை அதிகம். கேம்ப் ஃபயரையே எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாட்டும் கதையும் என்றால் நமக்கு ஆனந்தம். காது கேளாத பிள்ளைகளுக்கு இருட்டு வந்தால் பேச்சே நின்றுபோகும். கதை சொல்பவர் நெருப்புக்கு முதுகு காட்டி நின்றால், சைகை மொழியில் மாற்றிச் சொல்கிறவரின் கையும் முகமும் வெறும் நிழல்தான். இப்போது பேட்டரி விளக்கு ஒன்றை அவர் முகத்துக்கு நேரே வைக்கிறோம், அவர் பக்கமாகவே அந்தப் பிள்ளைகள் உட்காருவார்கள். அதே விளக்கு ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்குக் கண்ணைக் கூசியது. அவனுக்குப் பத்தடி தள்ளிப் பாய் போட்டோம், காதுக்கு மூடியும் கொடுத்தோம். கூட்டத்தோடு உட்காரவில்லையே என்று அவன் அம்மாவுக்கு வருத்தம். அவன் பாயில் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு கதை முடியும்போதும் மற்றவர்களுக்கு முன்னால் கைதட்டினான்.

பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் படுக்கும் அறையிலிருந்து பாத்ரூம் வரை இடுப்பு உயரத்தில் கயிறு கட்டி, திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு முடிச்சு போடுவோம். நைலான் கயிறு அதற்கும்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் உயிர். கூட்டத்திலிருந்து நழுவினால் முதலில் தேட வேண்டியது கிணறு, தொட்டி, குளம். பிள்ளைகள் வந்து இறங்கும் முன்பே சம்ப் மூடியைப் பூட்டிச் சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். புங்கனூர் ஏரியில் படகுக்குப் போகும்போது, கழுத்து நிற்காத பிள்ளைகளுக்குத் தலைக்குத் தாங்கல் உள்ள லைஃப் ஜாக்கெட்டாகப் பார்த்துப் போட வேண்டும். சாதாரண ஜாக்கெட்டில் முகம் தண்ணீரில் கவிழலாம்.

தன்னார்வலர்கள் நல்ல பிள்ளைகள். அவர்களுக்கு முதல் நாள் சொல்வது இரண்டே விஷயம்: தொடுவதற்கு முன் கேள், கேட்டபின் பதிலுக்குப் பொறு. பத்து விநாடி பொறுத்தால் என் மகளின் பதில் வந்துவிடும். பெரியவர்கள்தான் சிக்கல். ஒரு வருடம் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு நிறுவனம் பணம் கொடுத்தது. பேனர் கட்டி, சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக உட்கார வைத்துப் போட்டோ, உரை, மறுபடி போட்டோ. நாற்காலியின் இரும்பு வளையம் தொட முடியாமல் கொதித்தது. "பாவம், கடவுளோட குழந்தைங்க" என்று ஒருவர் கண் கலங்கினார். பசியில் இருந்த ஒரு பெண் கழுத்து அட்டையில் "போர் அடிக்குது" படத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம் பணம் கொடுப்பவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுகிறோம்: பிள்ளைகளும் பெற்றோரும் சம்மதித்தால் மட்டும் போட்டோ, மேடை கிடையாது. சிலர் கழன்றுகொண்டார்கள். சரி, போகட்டும். சாம்பார் சாதம் நாங்களே சமைத்துக்கொண்டோம்.

பெற்றோர் வேறு கட்டடத்தில் தங்க வேண்டும் என்பது விதி. முதல் ராத்திரி அம்மாக்கள் யாரும் தூங்க மாட்டார்கள். இரண்டாம் ராத்திரி அடித்துப் போட்டாற்போலத் தூங்குவார்கள். என் மனைவியும்தான். சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு சாக்கில் எட்டிப் பார்த்தேன். வீட்டில் இட்லியை மிக்ஸியில் போட்டுக் குழைத்தால்தான் இறங்கும் என்போம். அங்கே இட்லியைச் சாம்பாரில் ஊறவிட்டு, சின்னச் சின்ன வாயாக ஸ்பூனில் கொடுத்துக்கொண்டிருந்தாள் ஒரு அக்கா. எழுதிக்கொடுத்தபடி நிமிர்த்தி உட்கார வைத்திருந்தாள், அவசரப்படவில்லை. என்னைப் பார்த்ததும் மகள் சொன்னாள், "அப்பா, நீங்க போயி டேங்க்ல தண்ணி இருக்கான்னு பாருங்க." பார்க்கப் போனேன். நிஜமாகவே பாதிதான் இருந்தது.

மலைக்கெல்லாம் போக முடியாதவர்களுக்கு ஊரிலேயே பகல் முகாம் போதும். காலை ஏழரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிட வேண்டும். சென்னைக்காரர்களுக்கு மெரினா இருக்கிறது. 2022 நவம்பரில் அங்கே சக்கர நாற்காலிகள் மணலைத் தாண்டிக் கடல் பக்கம் போக 263 மீட்டர் நீள மரப்பாதை திறந்தார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் ஒரு பகுதி பெயர்ந்து, பிறகு சரிசெய்தார்கள். அதனால் கிளம்பும் முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது. அலை காலில் படும்படி விடியற்காலையில் போனால் கூட்டமும் இருக்காது.

திரும்பி வந்தபின் இரண்டு மூன்று நாள் பிள்ளை சோர்ந்துதான் கிடக்கும். சி.பி. பிள்ளைகளுக்குத் தசை இறுக்கம் கூடும், எரிச்சல் வரும், சிலர் காரணமில்லாமல் அழுவார்கள். அந்த வாரம் தெரபிக்கு லீவு சொல்லிவிடுங்கள். முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் சிவந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நாள் முழுக்க நாற்காலியில் இருந்தால் அங்கேதான் புண் தொடங்கும். கூட இருந்த பிள்ளைகளின் நம்பரை முகாம் முடியும் முன்பே அவர்கள் பெற்றோரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் மகளும் இன்னும் மூன்று பெண்களும் இப்போது வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்பிக்கொள்கிறார்கள். பாதி எனக்குப் புரிவதில்லை, அவர்களுக்குப் புரிகிறது. கேட்க முயன்றால் போனைத் திருப்பிக்கொள்கிறாள்.

ஆள் பலம் போதாததால் எல்லா நல்ல முகாம்களும் குறைவான பிள்ளைகளைத்தான் எடுக்கும். பிப்ரவரியிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள்; கட்டணம் அதிகமாகத் தெரிந்தால் சலுகை உண்டா என்று கூசாமல் கேளுங்கள், பல இடங்களில் கேட்பவர்களுக்கு உண்டு. அப்படியே கதவு எத்தனை இஞ்ச் என்றும்.